சிறுநீரக மாற்றுக் குழுவில் மருந்தாளருக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

"இரு சிறுநீரகங்களும் செயலிழந்த நிலையில்" என்று தொடங்கும் உதவி கோரல்களைத் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். மஸ்கெலியா, பொகவந்தலாவை, இராகலை, பண்டாரவளை என்று ஊர்ப்பெயர் மாறும், கோரிக்கை மாறாது: சத்திரசிகிச்சைக்குப் பணம் வேண்டும். தோட்டத்து மக்கள் தங்கள் சம்பளத்தில் இருந்து கொடுக்கிறார்கள், கோயிலில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். தாயோ அண்ணனோ மனைவியோ ஒரு சிறுநீரகத்தைத் தருகிறார்கள். இத்தனை பேரின் தியாகத்தில் கிடைத்த அந்த உறுப்பு, வீட்டுக்கு வந்த பிறகு தவறான நேரத்தில் விழுங்கிய குளிசையாலோ, பட்டணத்துப் பாமசியில் வாங்கிய ஓர் இருமல் மருந்தாலோ பழுதாகலாம். அதைத் தடுக்கப் பயிற்சி பெற்ற ஆள் வைத்தியசாலையிலேயே இருக்கிறார். ஆனால் அவர் மருந்து கொடுக்கும் யன்னலுக்குப் பின்னால் நிற்கிறார், சிகிச்சைக் குழுவில் இல்லை. அவரைக் குழுவுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

1954இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் நடந்து வெற்றிபெற்ற முதல் சிறுநீரக மாற்றில், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர். உடல் புது உறுப்பை அந்நியமாகக் காணவில்லை, அதனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் தேவைப்படவில்லை. மற்ற எல்லோருக்கும் அந்த மருந்து உறுப்பு இருக்கும்வரை தேவை. இலங்கையில் 1985இல் முதல் சிறுநீரக மாற்று நடந்தது. மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது பற்றிய சட்டம் 1987இல் வந்தது. கண்டியில் 2017இல் இதய மாற்றும் செய்யப்பட்டது. சத்திரசிகிச்சையில் நாடு இவ்வளவு முன்னேறியிருக்கிறது. அது சில மணிநேர வேலை. அதன் பின் வரும் ஆண்டுகளை நடத்துவது மருந்து.

பெரும்பாலானோருக்கு மூன்று மருந்துகள் அடிப்படை: டக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசலோன். அவற்றோடு முதல் மாதங்களில் தொற்றுத் தடுப்புக்குக் கோ-ட்ரைமொக்சசோலும் வல்கன்சிக்ளோவிரும், பிரஷருக்கு ஒன்றிரண்டு, வயிற்றுக்கு ஒன்று, சீனி ஏறினால் அதற்கும் ஒன்று. ஒரு நாளுக்குப் பத்துக்கு மேற்பட்ட குளிசைகள் சாதாரணம். இவற்றில் அதிகம் கைகாவல் தேவைப்படுவது டக்ரோலிமஸ். இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கும், கூடினால் அதே மருந்து சிறுநீரகத்தையே நஞ்சாக்கும், கை நடுங்கும், சீனி ஏறும். முதல் மூன்று மாதங்களில் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 8 முதல் 12 நனோகிராம், பிறகு 5 முதல் 8 என்ற அளவில் வைத்திருக்கவே பல நிலையங்கள் முயல்கின்றன. ஒரே எடையுள்ள இருவரில் ஒருவருக்கு மற்றவரைப் போல் இருமடங்கு தேவைப்படலாம், ஏனெனில் இந்த மருந்தை உடைக்கும் ஈரல் நொதியம் பரம்பரையாகச் சிலருக்கு வேகமாக இயங்குகிறது. அதனால் எடையைப் பார்த்துத் தொடங்கி, இரத்த அளவைப் பார்த்தே திருத்த வேண்டும்.

மலைநாட்டில் அதிகம் பிழைக்கும் இடம் அந்த இரத்த அளவுதான். அளக்க வேண்டியது அடுத்த வேளைக் குளிசைக்குச் சற்று முன் இருக்கும் மிகக் குறைந்த அளவை, அதாவது இரவுக் குளிசை எடுத்துப் பன்னிரண்டு மணிநேரம் கழித்து, காலைக் குளிசை எடுக்கும் முன். இப்போது மஸ்கெலியாவில் இருந்து கண்டி கிளினிக்குக்கு வருபவரை எண்ணிப் பாருங்கள். முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு எழும்புகிறார். மருந்தை ஒரு வேளையும் தவறவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், ஆகவே தேத்தண்ணியோடு காலைக் குளிசையையும் விழுங்கிவிட்டுப் புறப்படுகிறார். விழுங்கிய ஒன்று முதல் மூன்று மணிநேரத்துக்குள் மருந்து இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும். அதன் பின்னும் சில மணிநேரம் உயர்ந்தே நிற்கும். எட்டரைக்கு இரத்தம் எடுக்கிறார்கள். உண்மையில் 7 ஆக இருக்க வேண்டிய எண் 15, 16 என்று வருகிறது. நேரம் தெரியாத வைத்தியர் அளவு கூடிவிட்டது என்று 3 மில்லிகிராமை 2 ஆகக் குறைக்கிறார். அடுத்த கிளினிக் ஒரு மாதம் கழித்து. அந்த மாதம் முழுவதும் சிறுநீரகம் போதிய காவல் இல்லாமல் இருக்கிறது. நோயாளி கட்டுப்பாடாக நடந்தார், வைத்தியரும் எண்ணைப் பார்த்துச் சரியாகவே முடிவெடுத்தார். இடையில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணுக்குக் காலை 6, மாலை 6 என்ற நேரம் வசதி. பெரட்டுக்குப் போகும் முன் ஒன்று, அடுப்படி வேலைக்கு முன் ஒன்று. ஆனால் கிளினிக்கில் இரத்தம் எடுப்பது 9 மணி என்றால் அது பதினைந்தாவது மணிநேரம், எண் உண்மையைவிடக் குறைவாக வரும், மருந்தைக் கூட்டிவிடுவார்கள். இதற்கு இரண்டு வழி. ஒன்று, நேரத்தை நிரந்தரமாகவே காலை 8, இரவு 8 என்று வைத்து, காலை வேளைக் குளிசையை மூடியுள்ள சிறு டப்பாவில் மலைக்குக் கொண்டுபோகச் சொல்வது. மற்றது, 6 மணியையே வைத்துக்கொண்டு இரத்தப் பரிசோதனைத் துண்டில் "கடைசிக் குளிசை எடுத்த நேரம்" என்று ஒரு கட்டம் அச்சிட்டு, அதை நிரப்பாத துண்டை ஆய்வுகூடம் ஏற்காமல் விடுவது. இரண்டாவதை எல்லா இடத்திலும் செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து. முதலாவதை ஒவ்வொருவரின் வேலையையும் பஸ்ஸையும் கேட்டுத்தான் தீர்மானிக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு தடவை எடுக்கும் வகை டக்ரோலிமஸ் என்றால் இருபத்துநான்கு மணிநேரக் கணக்கு. எந்த வகையானாலும் விதி ஒன்று: கிளினிக் நாளில் காலைக் குளிசையைப் பையில் கொண்டுபோய், இரத்தம் எடுத்த பிறகு விழுங்க வேண்டும்.

அந்த "வகை" என்ற சொல்லுக்குள் இன்னொரு ஆபத்து இருக்கிறது. டக்ரோலிமஸ் இரு வேளைக் கெப்சூலாகவும் ஒரு வேளைக் கெப்சூலாகவும் வருகிறது. இரண்டிலும் 0.5, 1, 5 மில்லிகிராம் உண்டு, பெயர் ஒன்றே. ஒரு வேளைக் கெப்சூலைப் பழக்கத்தில் இரு வேளை எடுத்தால் இரட்டிப்பு நஞ்சு, மாறி எடுத்தால் அரைக் காவல். மைக்கோபினோலேட்டிலும் அப்படியே: மொபெட்டில் என்ற வகையின் 500 மில்லிகிராமுக்கு ஈடானது சோடியம் வகையில் 360 மில்லிகிராம். எண்ணை மட்டும் பார்த்து 500க்குப் பதிலாக 360 என்பது குறைந்துவிட்டதே என்று ஒன்றரைக் குளிசை கொடுத்தால் பிழை. அந்தச் சோடியம் குளிசையை உடைக்கவும் கூடாது.

பொதுப்பெயரில் மருந்து எழுதுவதை நாம் மதிக்கிறோம். பேராசிரியர் சேனக பிபிலேயின் மருந்துக் கொள்கையும் 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் இந்த நாட்டின் ஏழைகளுக்குச் செய்த நன்மை பெரிது, அதைக் குறைத்துப் பேச இங்கே இடமில்லை. ஒரு நிறுவனத்தின் டக்ரோலிமஸில் இருந்து இன்னொரு நிறுவனத்தினதற்கு மாறுவதும் தன்னளவில் குற்றமல்ல. மாறியது யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் குற்றம். மாறினால் ஒரு வாரத்துக்குள் இரத்த அளவையும், சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினையும் பார்க்க வேண்டும், கிளினிக் கொப்பியில் புதுப் பெயரையும் திகதியையும் எழுத வேண்டும். 2022 நெருக்கடியில் கிடைத்ததைக் கொடுக்க வேண்டிய நிலை நாடெங்கும் வந்தது. அத்தகைய நாட்களில் எந்த நோயாளிக்கு எது போனது என்ற பதிவேட்டை வைத்திருக்கக்கூடியவர் மருந்தாளர் ஒருவர்தான், ஏனெனில் களஞ்சியத்தையும் நோயாளியையும் சேர்த்துப் பார்ப்பவர் அவர்.

கொடுக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். அரச வைத்தியசாலைகளில் குளிசைகளை எண்ணிக் கடதாசி உறையில் போட்டுக் கொடுப்பது வழக்கம். பெனடோலுக்கு அது பரவாயில்லை. டக்ரோலிமஸ் ஈரத்துக்கு ஆகாது, ஈரம் உறிஞ்சும் பொதியோடு அலுமினிய உறையில் வருவது அதற்காகவே. நுவரெலியாப் பனியிலும் மாதக்கணக்கில் காயாத மழையிலும் லயத்துச் சுவர் வியர்க்கும்போது, கடதாசி உறையில் வைத்த கெப்சூல் மெதுவாகி ஒன்றோடொன்று ஒட்டும். அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் காய்ந்திருக்கும் என்று சிலர் வைக்கிறார்கள், அங்கே சூடும் புகையும் மருந்தைக் கெடுக்கும். அட்டையில் இருந்து பிரிக்காமல் கொடுப்பது, இறுக்கமாக மூடும் போத்தலில் போட்டு அறைக்குள் உயரமான தட்டில் வைப்பது என்பன போதும். குளிர்ப்பெட்டி வேண்டாம். மைக்கோபினோலேட் கெப்சூலைத் திறந்து தூளாக்கவே கூடாது, அந்தத் தூள் கர்ப்பிணிப் பெண் தொடக்கூடாத பொருள்.

கர்ப்பத்தைப் பற்றிச் சொன்னதால் அதையும் இங்கேயே முடித்துவிடுகிறோம், ஏனென்றால் கிளினிக்கில் இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள். மைக்கோபினோலேட் எடுக்கும் பெண்ணுக்குக் கரு கலையலாம், பிறக்கும் குழந்தையின் காதும் உதடும் அண்ணமும் ஊனமாகலாம். பிள்ளை வேண்டும் என்பவர் சத்திரசிகிச்சைக்குப் பின் குறைந்தது ஓர் ஆண்டு பொறுத்து, வைத்தியரிடம் சொல்லி, கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன் அதை நிறுத்தி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான அசத்தியோபிரினுக்கு மாற வேண்டும். அதுவரை கருத்தடை அவசியம். சிறுநீரகம் சீரானதும் மாதவிடாயும் கருவளமும் திரும்பும் என்பது பல பெண்களுக்குத் தெரியாது, டயலிசிஸ் காலத்தைப் போலவே இருக்கும் என்று நினைக்கிறார்கள். இதை மாமியார் முன்னால் அல்ல, தனியாக, தமிழில் சொல்ல ஒரு பெண் மருந்தாளரோ தாதியோ வேண்டும்.

இனி வைத்தியசாலைக்கு வெளியே. அட்டனிலோ வெலிமடையிலோ இருமல், காய்ச்சல் என்று தனியார் வைத்தியரிடமோ நேரே பாமசிக்கோ போகிறார் ஒருவர். கிளரித்ரோமைசின் அல்லது எரித்ரோமைசின் கிடைக்கிறது. இவை டக்ரோலிமஸை உடைக்கும் நொதியத்தைக் கட்டிப்போடும். சில நாட்களில் இரத்த அளவு பல மடங்கு ஏறலாம். கை நடுக்கம், தலையிடி, கிரியேட்டினின் உயர்வு என்று வரும்போது சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கிறதோ என்று சந்தேகிப்பார்கள். அமொக்சிசிலின் இந்த வழியில் தலையிடாது, அசித்ரோமைசின் மிகக் குறைவாகவே தலையிடும். மழைக்காலத்தில் கால் விரலிடைப் புண்ணுக்கும் படர்தாமரைக்கும் கொடுக்கும் புளுகொனசோல், இட்ராகொனசோல் குளிசைகளும் அளவை ஏற்றுபவை. களிம்பு போதுமான இடத்தில் களிம்போடு நிற்பது நல்லது. பிரஷருக்குக் கொடுக்கும் டில்டியசெம், வெரபமில் இரண்டும் அப்படியே.

நேர்மாறாக, காசநோய்க்குரிய ரிபாம்பிசின் அந்த நொதியத்தை முடுக்கிவிட்டு டக்ரோலிமஸைப் பாதிக்கும் கீழாக இறக்கிவிடும். நெருக்கமான லயங்களில் காசநோய் இன்னும் இருக்கிறது, எதிர்ப்புச் சக்தியை அடக்கியவருக்கு அது எளிதில் தொற்றும். ரிபாம்பிசின் தொடங்கும் நாளிலேயே மாற்று நிலையத்துக்குத் தெரிய வேண்டும், அளவைப் பல மடங்கு கூட்ட வேண்டிவரும், வாரத்துக்கு இருமுறை இரத்தம் பார்க்க வேண்டிவரும். ஆறு மாதச் சிகிச்சை முடிந்து ரிபாம்பிசினை நிறுத்தியதும் கதை முடிவதில்லை. இரண்டு வாரங்களுக்குள் நொதியம் பழைய நிலைக்கு இறங்கும், கூட்டிய அளவைக் குறைக்காவிட்டால் அப்போது நஞ்சாகும். வலிப்புக்குரிய பெனிட்டோயின், கார்பமசெபின் இரண்டுக்கும் இதே கணக்கு. தொடங்குவதைப் பற்றி எல்லோருக்கும் நினைவிருக்கும், நிறுத்துவதைப் பற்றி நினைவூட்ட ஆள் தேவை.

இன்னொன்று, அசத்தியோபிரின் எடுப்பவருக்கு மூட்டு வீங்கி யூரிக் அமிலம் கூடியிருக்கிறது என்று அலோபியூரினோல் எழுதினால், அசத்தியோபிரின் வெளியேறும் வழி அடைபட்டு எலும்பு மச்சை ஒடுங்கும், வெள்ளை அணுக்கள் சரியும். இரண்டையும் சேர்த்தே தர வேண்டும் என்றால் அசத்தியோபிரினை மூன்றில் ஒன்று அல்லது நான்கில் ஒன்றாகக் குறைத்து, வாராவாரம் இரத்த அணுக்களை எண்ண வேண்டும். பழைய நோயாளர் பலர் இன்னும் அசத்தியோபிரினில்தான் இருக்கிறார்கள்.

முதுகுவலிக்கு வருவோம், ஏனென்றால் கூடை சுமக்கும் தோளுக்கும் வலிக்கும் இடுப்புக்கும் மலையகத்தில் அதிகம் விற்பது டைக்ளோபெனக். அதுவும் இபுபுரோபனும் மெபனமிக் அசிட்டும் சிறுநீரகத்துக்குள் போகும் இரத்தக் குழாயைச் சுருக்கும். டக்ரோலிமஸும் அதையே செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் சில நாட்களில் கிரியேட்டினின் ஏறும். பெனடோலை உரிய அளவில் எடுக்கலாம். இந்த எச்சரிக்கை சிறுநீரகத்தைக் கொடுத்தவருக்கும் பொருந்தும். ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழும் அந்தத் தாய்க்கும் அண்ணனுக்கும் எந்த மருந்து ஆகாது என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அவர்கள் கிளினிக்கில் ஓரத்தில் நிற்கிறார்கள், அவர்களிடம் கொப்பியும் இல்லை.

தோட்டத்தில் வளர்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பம்பளிமாசு, சிங்களத்தில் ஜம்போல என்பது, டக்ரோலிமஸை உடைக்கும் நொதியத்தைக் குடலிலேயே தடுக்கும். ஒரு பழம் தின்றாலும் அதன் விளைவு அடுத்த நாளும் தொடரலாம், நேரம் தள்ளித் தின்பதால் தப்ப முடியாது. நாரத்தையையும் தவிர்ப்பது நல்லது. சாதாரணத் தோடை, தேசிக்காய் அளவோடு இருக்கலாம். காமரங்காவும் பிலிம்பிக்காயும் வேறு காரணத்தால் ஆகாது, அவற்றின் ஒக்சலேட் நேரே சிறுநீரகத்தில் படியும். சாறாகப் பிழிந்து வெறும் வயிற்றில் குடித்து நல்ல சிறுநீரகத்தையே இழந்தவர்கள் இலங்கையில் பதிவாகியிருக்கிறார்கள். சீந்தில் கொடிக் கஷாயம் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று குடிக்கிறார்கள். மாற்று உறுப்பு உள்ளவருக்கு அந்தச் சக்தியைக் கூட்டுவதே தீங்கு, ஈரலைத் தாக்கியதாகவும் இந்தியாவில் பதிவுகள் உண்டு. தடிமலுக்கு வீட்டில் வைக்கும் மல்லித் தண்ணீரைப் பற்றி நாம் கவலைப்படவில்லை. எல்லாவற்றையும் தடுத்தால் எதையும் கேட்க மாட்டார்கள்.

வயிற்றோட்டம் தனியாகச் சொல்லப்பட வேண்டிய விடயம். வயிற்றால் போனால் மருந்தும் போய்விடும், அளவு குறையும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். டக்ரோலிமஸில் நடப்பது எதிர். அந்த மருந்தைக் குடலில் உடைக்கும் நொதியம் அழற்சியால் செயலிழக்க, உள்ளே போகும் அளவு கூடுகிறது. உடலில் நீரும் குறைந்திருப்பதால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. மழைக்குப் பின் பீலித் தண்ணீர் கலங்கும் நாட்களில் இது அடிக்கடி வரும். வயிற்றோட்டம் இரண்டாவது நாளும் நிற்கவில்லை என்றால் ஜீவனி கரைசலைக் குடித்தபடி வைத்தியசாலைக்குப் போய் இரத்த அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தானாகக் குளிசையை நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. சில வேளை வயிற்றோட்டத்துக்குக் காரணமே மைக்கோபினோலேட்தான், அதைக் கண்டுபிடித்து அளவைப் பிரித்துக் கொடுப்பது குழுவின் வேலை. காய்ச்சலும் அப்படியே: 38 பாகை செல்சியஸைத் தொட்டால் அன்றைக்கே வைத்தியசாலை, ஏனெனில் பிரெட்னிசலோன் காய்ச்சலை மறைக்கும், சிறிய சூட்டின் பின்னால் பெரிய தொற்று இருக்கலாம். பிரெட்னிசலோனைத் திடீரென நிறுத்துவது உயிராபத்து. நீண்டகாலம் வெளியில் இருந்து கிடைத்ததால் உடல் தானாகச் சுரப்பதை மறந்திருக்கும்.

இவ்வளவையும் சத்திரசிகிச்சை நிபுணரும் சிறுநீரக வைத்தியரும் அறிவார்கள். அறிவது வேறு, நெரிசலான கிளினிக்கில் ஒவ்வொருவரிடமும் இருபது நிமிடம் உட்கார்ந்து கேட்பது வேறு. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி, உறுப்பு மாற்று நிலையத்தின் பல்துறைக் குழுவில் மருந்தியல் துறைக்கும் இடம் இருக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் நான்கு ஆண்டு மருந்தாளர் பட்டம் பெற்று இளைஞர்கள் வெளியேறுகிறார்கள். கண்டி வைத்தியசாலையில் இருந்து அந்தப் பீடம் ஒரு பஸ் தூரம். ஆள் இல்லை என்று சொல்வதற்கில்லை.

குழுவில் அவருக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். மாற்றுக்கு முன்பே தொடங்குகிறது. பட்டியலில் சேரும் நாளில் அவர் உட்கொள்ளும் ஒவ்வொன்றையும், ஆயுர்வேதத்தையும் சேர்த்துக் கேட்டு எழுத வேண்டும். டயலிசிஸ் நோயாளிக்கு ஈரலழற்சி பி தடுப்பூசி சாதாரண அளவின் இருமடங்காக 40 மைக்ரோகிராம், 0, 1, 2, 6 ஆவது மாதங்களில் நான்கு முறை போகிறதா என்று பார்க்க வேண்டும். சின்னமுத்து போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் மாற்றுக்கு நான்கு வாரம் முன்பே முடிய வேண்டும், பின்னர் அவை ஆகா. நிராகரிப்பைத் தடுக்கும் பசிலிக்சிமாப் ஊசி 20 மில்லிகிராம் சத்திரசிகிச்சை நாளிலும் அதற்கு நான்கு நாள் கழித்தும் சரியாகப் போவதும், அது 2 முதல் 8 பாகையில் இருந்ததும் அவர் பொறுப்பு.

விடுதியில் அதிகம் நழுவுவது வல்கன்சிக்ளோவிர். சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 60 மில்லிலீற்றரோ அதற்கு மேலோ என்றால் நாளுக்கு 900 மில்லிகிராம், 40 முதல் 59 என்றால் 450, 25 முதல் 39 என்றால் ஒன்றுவிட்டு ஒரு நாள் 450, 10 முதல் 24 என்றால் வாரத்துக்கு இருமுறை. புதுச் சிறுநீரகம் வேலைசெய்யத் தொடங்கும் முன் எழுதிய குறைந்த அளவு, அது முழுவதாக இயங்கிய பிறகும் துண்டில் அப்படியே தொடரும். தடுப்பு மருந்து எடுத்துக்கொண்டே சைட்டோமெகலோ வைரஸ் தொற்று வருவதற்கு அதுவும் ஒரு காரணம். தினமும் கிரியேட்டினினைப் பார்த்துத் துண்டைத் திருத்தும்படி சொல்வது மருந்தாளருக்குக் கைவந்த வேலை.

வீட்டுக்கு அனுப்பும் முன் சொல்லிக்கொடுத்தால் போதாது. நோயாளியே மேசையில் பரப்பிய மருந்துகளில் இருந்து நாளைக் காலை வேளையை எடுத்து வைத்துக் காட்ட வேண்டும். பிழைத்தால் மறுநாளும் செய்ய வேண்டும். வீட்டில் சமைப்பவரும் அப்போது பக்கத்தில் இருக்க வேண்டும். உறையில் சிங்களத்திலோ ஆங்கிலச் சுருக்கெழுத்திலோ எழுதிக் கொடுத்தால், தமிழ் மட்டும் வாசிக்கும் ஒருவர் பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருக்கிறார். அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. பத்து மருந்துகளுக்குத் தமிழ் ஒட்டுத்தாள் முன்கூட்டியே அச்சிட்டு வைப்பது எந்த வைத்தியசாலைக்கும் முடியாத செலவல்ல. வாசிக்கவே தெரியாதவருக்குச் சூரியன், நிலா படமும் குளிசையின் எண்ணிக்கைக்குப் புள்ளிகளும் போதும்.

ஆகவே சுகாதார அமைச்சிடமும் மத்திய, ஊவா மாகாண அதிகாரிகளிடமும் கேட்பது இதுதான். மாற்று நோயாளர் வரும் ஒவ்வொரு கிளினிக்கிலும் அந்த நாளில் வேறு கடமை இல்லாத ஒரு மருந்தாளர் நியமிக்கப்பட வேண்டும், அவருக்குத் தனி மேசை வேண்டும், வைத்தியரைக் காணும் முன் நோயாளி அவரைக் காண வேண்டும். மாதத்துக்கான மருந்தோடு மேலதிகமாக இரண்டு வாரக் கையிருப்பு, மழை தொடங்கும் முன் கொடுக்கப்பட வேண்டும், மண்சரிந்து வீதி மூடினால் எவரும் கண்டிக்கு வர முடியாது. நுவரெலியா, பதுளை வைத்தியசாலைகளில் இருந்து அந்தக் கையிருப்பைப் பெறும் ஒழுங்கும் வேண்டும்.

தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும் பட்டணத்துப் பாமசிக்காரர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் சிறியது. "கிட்னி மாத்தின ஆள்" என்று ஒருவர் சொன்னால் புதிதாக எதையும் கொடுக்கும் முன் ஓர் அழைப்பு எடுங்கள், அல்லது துண்டைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதற்காக ஒவ்வொரு நோயாளியிடமும், உறுப்பைக் கொடுத்தவரிடமும், பணப்பையில் வைக்கும் அளவில் மும்மொழி அட்டை ஒன்று இருக்க வேண்டும்: எடுக்கும் மருந்துகளும் நிறுவனப் பெயரும் அளவும், கடைசி இரத்த அளவும் திகதியும், கொடுக்கக் கூடாத ஏழெட்டு மருந்துகளின் பெயர்கள், வேளை தவறினால் என்ன செய்வது என்ற அந்த நிலையத்தின் விதி, இரட்டிப்பாக விழுங்கக் கூடாது என்ற வரி, மருந்தாளர் மேசையின் தொலைபேசி இலக்கம். அந்த இலக்கத்தைக் கிளினிக் இல்லாத நாட்களிலும் எடுத்துத் தமிழில் பதில் சொல்லக்கூடிய ஒருவரை நியமித்த பிறகே அட்டையை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மலையக மருந்தாளர்கள் சிலர்,
கண்டி